அன்னத்துக்குக் கண் வைத்த வருஷம்

2024 ஜூன் 12, புதன்

பிரேம்நாத் காலை ஒன்பதுக்கே அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பிள்ளையார்பாளையத்தில் அவனுக்கு இரண்டு தறி. முந்தானை அன்ன வரிசை நான் வரைந்தது. அட்டை குத்தியதும் நான்.

"சார், அன்னத்துக்குக் கண்ணு இல்ல."

"தறியப் பாரு. கொக்கி எதுனா சிக்கிக்கினு இருக்கும்."

"ரெண்டு பொடவ இறக்கிட்டேன் சார். அத்தினி அன்னமும் குருடு. உங்க அட்டைய ஒரு தபா பாருங்களேன்."

என் அட்டையை! ஜக்கார்டு தறியில் விஷயம் எளிது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும், பாவு நூல் மேலே வரும். துளை இல்லையென்றால் கொக்கி அசையாது. அதே அட்டைகள் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரு துளை விட்டுப்போனால் எல்லா அன்னத்துக்கும் கண் போகும். இருபத்தைந்து வருஷமாகக் குத்துகிறேன். எனக்கா விட்டுப்போகும்? தறியில்தான் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அட்டைக் கட்டை இங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

பட்டியலில் பதினைந்தாவது பெயராக அவனைச் சேர்க்கலாம்.

பட்டியல் இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நான் பேசாதவர்கள். ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் பழைய டைரியிலிருந்து புதியதற்கு எடுத்து எழுதுவேன். முதல் பெயர் ரஷீத், நாற்பத்தொரு வருஷமாக. என் தம்பி குமரனைக் கொன்றவன். இரண்டாவது, என் ஆராய்ச்சியை இன்னொருவன் பெயரில் போட்ட கைடு. அதோடு பி.எச்டி.யை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கிராஃப் தாளில் மாங்காய் வரைய உட்கார்ந்தேன். ஏழாவது, என் தங்கை துர்கா.

என் மனைவி குழலி, பட்டியலுக்குள் இரண்டு முறை வந்து போனவள், சொல்கிறாள்: "மளிக லிஸ்ட்டு சின்னதாயிக்கினே வருது. உங்க லிஸ்ட்டு மட்டும் வளந்துக்கினே போவுது."

ஜூன் 15, சனி

துர்காவின் போன். எனக்கு இல்லை, குழலிக்கு. வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள். பையன் அர்ஜுனனுக்கு மறுபடி நிமோனியா. ஆறு வயதுக்குள் நாலாவது தடவை. காதில் சீழ் வேறு. சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்.

ஒன்பது வருஷத்துக்கு முன் எனக்குச் சொல்லாமல் முசரவாக்கத்து வெங்கடேசனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டது ரஷீத். இந்த ஊரில் கையெழுத்துப் போட வேறு ஆளே இல்லையா?

பையனுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான். ஒரு வயதில் கூப்பிட்டார்கள், மூன்று வயதில் கூப்பிட்டார்கள், போகவில்லை. அவள் மாமியார் அங்கம்மாள் ஊரெல்லாம் சொல்கிறாளாம்: "மாமங்காரன் வயிறெரிஞ்சிக்கினு நிக்கறான், அதான் புள்ளைக்கு ஒடம்பு தேறல."

வயிறு எரிகிறதுதான். அதற்கும் நிமோனியாவுக்கும் என்ன சம்பந்தம்?

ஜூன் 19, புதன்

காலையில் குழலி தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "'அண்ணன் படிச்சவரு, இத்த பாக்கச் சொல்லுங்க அண்ணி'ன்னு ரிப்போர்ட் அனுப்பி இருக்குறா. பாக்காட்டி போங்க. தோச ஆறுது."

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

இம்யூனோகுளோபுலின் ஜி, அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள், இருக்க வேண்டியதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் செய்கிற பி செல்கள் கிட்டத்தட்ட பூஜ்யம். டி செல்கள் சரியாக இருக்கின்றன.

தோசை ஆறிப்போயிற்று.

பி செல் இல்லை, டி செல் உண்டு, ஆண் பிள்ளை. இதன் பெயர் எனக்குத் தெரியும்! தொண்ணூற்று நாலில், பல்கலைக்கழக நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்து, ஓரமெல்லாம் பென்சிலால் கிறுக்கிப் படித்த கட்டுரை. பி.டி.கே. என்ற டைரோசின் கைனேஸ். அதன் மரபணு பழுதானால் வருவது இது என்று முந்தைய வருஷம்தான் கண்டுபிடித்திருந்தார்கள். கைடுக்காக நான் இரண்டு வருஷம் மாரடித்தது அதன் பங்காளிப் புரதங்களோடுதான். அந்தக் கோபத்தில் முப்பது வருஷமாக அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லவில்லை.

இன்று குழலியிடம் சொன்னேன்.

"கைனேஸா? யாரு அது, பதினாறாவதா?" என்றாள்.

ஜூன் 21, வெள்ளி

சென்னை போய் வந்தேன். ஏன் போனேன்? தெரியவில்லை. ரிப்போர்ட்டைச் சரியாகப் படித்தேனா என்று பார்க்க, என்று பஸ்ஸில் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வார்டில் துர்கா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பேசவில்லை. நானும் பேசவில்லை. பையன் மட்டும், "இவருதான் லிஸ்ட்டு மாமாவா?" என்றான்.

டாக்டர் தீபிகாவுக்கு முப்பது வயதிருக்கும். அவன் வாயில் டார்ச் அடித்து "ஆ சொல்லு" என்றார். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னான்.

"இவனுக்கு டான்சில் ஆபரேஷன் ஆயிருக்கா?"

"இல்லைங்களே டாக்டர்."

"இல்லையா? இங்க ஒண்ணுமே காணுமே."

பி செல் இல்லாவிட்டால் டான்சில் வளராது. 1983. எங்கள் தெரு டாக்டர் குமரன் வாயில் டார்ச் அடித்து, "எங்கடா உன் டான்சில்? இட்லியோட சேத்து முழுங்கிட்டியா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். அம்மா, நான், என்னோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருந்த ரஷீத்.

டாக்டர் தாளில் கட்டமும் வட்டமுமாகக் குடும்ப மரம் வரைந்தார். கட்டம் ஆண், வட்டம் பெண். "அம்மா வழியில சின்ன வயசுல தவறிப்போன ஆம்பளப் பசங்க யாராவது?"

துர்கா சொன்னாள்: "எனக்கு ஒரு அண்ணன் இருந்தாரு டாக்டர், ஏழு வயசு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. தென்னேரி ஏரிக்குக் கூட்டிக்கினு போனதுல நனைஞ்சு, ஜுரம் கண்டு..."

"ஏரி இல்ல, துர்கா," என்றேன்.

ஒன்பது வருஷத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

ஜூன் 22, சனி

பழசையெல்லாம் நினைவுபடுத்தி எழுதிப் பார்க்கிறேன்.

குமரனுக்கு நாலு வயதில் நிமோனியா. ஐந்தில் மறுபடி. இரண்டு காதிலும் சீழ். தலையணை உறையை அம்மா தினமும் துவைப்பாள். ஆறு வயதில் மூன்றாவது நிமோனியா, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இதெல்லாம் ரஷீத் அவனைத் தென்னேரிக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால்.

முன்னால்!

எனக்குத் தெரியாததில்லை. கூடவே இருந்தவன். ஆனால் நாற்பத்தொரு வருஷம் நான் அந்தக் கதையை அந்த மழை நாளிலிருந்துதான் ஆரம்பித்தேன். ரஷீத்துக்குப் பதிமூன்று வயது. வாடகை சைக்கிளின் முன் பாரில் குமரனை உட்கார வைத்து, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே தண்ணீர் வழிவதைக் காட்டக் கூட்டிப்போனான். நனைந்து வந்தார்கள். ஒன்பதாம் நாள் குமரன் இல்லை.

டாக்டர் சொன்னார்: "இப்ப நிரூபிக்க வழி இல்ல சார். ஆனா எல்லாம் பொருந்துது. அப்ப இதுக்கு இங்க மருந்தும் இல்ல. அன்னிக்கு நனையலன்னா அடுத்த மாசம் வேற ஏதாவது."

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை இன்று எழுதமாட்டேன்.

ஜூன் 29, சனி

முதல் மருந்து இன்று ஏறிற்று. பல ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருளை மட்டும் பிரித்து ஒரு சின்ன பாட்டிலில் அடைத்தது. அவன் உடம்பு செய்ய முடியாததை ஊர் பேர் தெரியாதவர்கள் செய்து அனுப்பியிருக்கிறார்கள். நாலு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஆயுசுக்கும்.

அர்ஜுனனுக்கு விளக்கினேன். பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஆயிரம் பேரா மாமா? எல்லாரும் என் உள்ள வராங்களா?"

"அவங்க வரல. அவங்க அனுப்பின காவல்காரங்க வராங்க."

"அதுல போலீஸு இருப்பாரா? பிரியாணி மாஸ்டர்? கிரிக்கெட் பிளேயர்?"

"இருப்பாங்க."

"டீச்சர்?"

"கண்டிப்பா."

"டீச்சர மட்டும் எடுத்துட்டு ஏத்தச் சொல்லு மாமா."

நர்ஸ் ஊசியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நானும். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பதினாலு பேரோடு பேசாமல் இருக்கிறவன், ஆயிரம் பேருக்கு நன்றி சொல்ல வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

முசரவாக்கம் போனேன். துர்கா வீட்டில் முதல் முறையாகச் சாப்பாடு. முருங்கைக்காய்க் குழம்பு, அம்மா வைக்கிற மாதிரியே.

அங்கம்மாள் காத்திருந்து ஆரம்பித்தாள். "டாக்டரம்மா சொன்னாங்களாமே, இது தாய் வழியா வர்றதாமே? எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு கெடையாதுப்பா. ஏரு புடிச்ச கை எங்குளுது."

துர்கா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் ஒரு சுகம் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சரியான இடத்தில் வந்த கோபம்.

"அத்தே, இவன் பொறந்து முதல் ஆறு மாசம் எப்படி இருந்தான்?"

"கொழுகொழுன்னு இருந்தான். அதுக்கப்புறந்தான..."

"ஏன்னு தெரியுமா? வயித்துல இருக்கும்போதே துர்கா ரத்தத்துல இருக்கற எதிர்ப்பொருள் இவனுக்கு எறங்கிடுச்சு. ஆறு மாசம் இவன காவந்து பண்ணது அதுதான். அது தீந்த பிறகுதான் நோவு வந்துது. பழுதும் அவ வழியா வந்துது, காவலும் அவ வழியா வந்துது. பழுதுன்னு அவளுக்கே தெரியாது. எங்க அம்மாவுக்கும் தெரியாது."

அங்கம்மாள் வெற்றிலையை மடித்தாள். "இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு ஊத்துடி உங்கண்ணனுக்கு. ஒல்லியா கெடக்கறாரு," என்றாள்.

வெங்கடேசன் கட்சிக்காரன். எல்லாவற்றையும் கட்சி வழியாகத்தான் புரிந்துகொள்வான். "மச்சான், அந்தக் கைனேஸு இன்னாதான் பண்ணும்?" என்றான். பி செல் வளரும்போது அதன் மேலுள்ள ஏற்பி உள்ளே ஒரு சேதி அனுப்பும், நான் சரியாக அமைந்துவிட்டேன், என்னை வளரவிடு என்று. நடுவில் நிற்கும் பி.டி.கே. அதை வாங்கி, அடுத்த புரதத்தில் இருக்கும் டைரோசின் மேல் ஒரு பாஸ்பேட்டை வைக்கும். முத்திரை குத்தி அடுத்த மேசைக்கு அனுப்புகிற மாதிரி. இவனுக்கு அந்த நடு ஆள் இல்லை. சேதி நின்றுவிடுகிறது. செல் வளராமலே செத்துவிடுகிறது. செல் இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் ஏது?

"அட, மேலிடத்துல சொல்றது கீழ வந்து சேரல. எங்க கட்சியில தெனம் நடக்கறதுதான் மச்சான்," என்றான்.

முப்பது வருஷத்துக்கு முன் என் கைடுக்கே இவ்வளவு சீக்கிரம் புரியவில்லை.

ஜூலை 31, புதன்

மரபணுச் சோதனை வந்துவிட்டது. எக்ஸ் குரோமோசோம், பி.டி.கே. மரபணு, ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த இடத்தோடு புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. துர்கா அந்தப் பழுதைச் சுமப்பவள் என்பதும் உறுதி. அம்மாவிடம் இரண்டு எக்ஸ். எனக்கு ஒன்று வந்தது, குமரனுக்கு மற்றது போயிருக்க வேண்டும். காசு சுண்டிப் போட்ட மாதிரி.

ஒரே ஒரு எழுத்து.

வீட்டுக்கு வந்ததும் பிரேம்நாத் விட்டுப்போன அட்டைக் கட்டைப் பிரித்து, கிராஃப் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நூற்று எழுபத்தெட்டாவது அட்டை. கண் இருக்க வேண்டிய இடத்தில் துளை இல்லை. குத்த விட்டவன் நான்.

பிள்ளையார்பாளையம் போய், தறிக் குழியில் உட்கார்ந்திருந்த பிரேம்நாத்திடம் நின்றபடியே சொன்னேன், "தப்பு என்னுது." அவன் ஊடு நூல் ஓட்டும் நாடாவை அப்படியே பிடித்துக்கொண்டு, "உள்ள வா, சார் வந்து இன்னாமோ சொல்றாரு, நீயும் கேளு," என்று மனைவியைக் கூப்பிட்டான். சாட்சி வைத்துக்கொள்கிறான்! அவளெதிரில் இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று. குருட்டு அன்னப் புடவை இரண்டையும் நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஒலிமுகமதுபேட்டையில் ரஷீத்தின் ஹார்டுவேர் கடை. போனேன். அவன் மகன் கலீம்தான் இருந்தான். "என்ன வேணும் அங்கிள்?" என்றான். ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மறுபடி போனேன். ரஷீத் உள்ளே குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. இன்னொரு பூட்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மூன்றாவது பூட்டு. குழலி கேட்கிறாள்: "நம்ம வூட்ல இருக்கறதே ஒரு கதவு. மீதியெல்லாம் எதுக்கு? என் வாய்க்கா?"

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடையில் இன்று அவன் மட்டும் இருந்தான். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. ஒரே ஊரில் இருந்தும் இவ்வளவு கிட்டத்தில் இத்தனை வருஷம் பார்க்கவில்லை.

"பூட்டா?" என்றான்.

"ம்."

"கலீம் சொன்னான், ஒரு அங்கிள் வாரத்துக்கு ரெண்டு பூட்டு வாங்கறாருன்னு. இன்னாடா வெச்சிருக்கற வூட்ல? அம்மன் நகையா?"

டா என்றான். நாற்பத்தொரு வருஷம் கழித்து முதல் பேச்சிலேயே டா.

பஸ்ஸில் வரும்போது ஒழுங்காக வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் கலைந்துபோயிற்று. "குமரன் ஏரியால சாவலடா," என்றேன். பிறகு தலைகீழாக எல்லாவற்றையும் சொன்னேன். அர்ஜுனன், டான்சில், எக்ஸ் குரோமோசோம், அட்டை, கொக்கி, துளை. நிரூபிக்க முடியாது என்பதையும் சொன்னேன். தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் பார்க்க அடுக்கிக்கொண்டே கேட்டான்.

"நான் தப்பு பண்ணலன்னு சொல்ல வந்தியா? இல்ல, நீ என்ன தப்பா நெனச்சேன்னு சொல்ல வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லடா."

ஆணிகள் தீர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்க ஆரம்பித்தான். "எனக்கு மூணு பசங்க. ஒருத்தருக்கும் நீச்சல் கத்துக்குடுக்கல. மழ தூறினா ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேன். என் சம்சாரம் சபியா என்ன லூசுன்னு சொல்லும். ஏன்னு அதுக்குக்கூட நான் சொன்னது இல்ல."

எழுதமாட்டேன் என்று ஜூனில் விட்டதைச் சொன்னேன். அன்றைக்குக் குமரனைக் கூட்டிப்போகச் சொன்னது நான். மறுநாள் பரீட்சை. 'இவன எங்கனா இட்டுக்கினு போடா, படிக்க வுட மாட்றான்' என்று நான்தான் சொன்னேன்.

"தெரியும்," என்றான்.

"தெரியுமா?"

"என்கிட்டதானேடா சொன்ன?"

"அப்ப எங்க வூட்ல ஏன் சொல்லல? எங்கப்பா உன்ன தெருவுல நிக்க வெச்சு அடிச்சாரே, அப்பகூட..."

"உனுக்குப் பதினோரு வயசு. ஒருத்தன் மேல வுழுந்தது போதாதா? ரெண்டு பேரு மேலயுமா?"

என்னால் — சரி. எழுத முடியவில்லை. அழுதேன், அவ்வளவுதான். கடைக்கு வந்த ஒருவர் 'அப்புறம் வரேன்' என்று போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரஷீத் முகம் கழுவிக்கொண்டு வந்து தொப்பியைப் போட்டான். "ஜும்ஆவுக்கு நேரமாச்சு. கடையப் பாத்துக்க. வந்துர்றேன்." சாவிக் கொத்தை என் முன் போட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

ஒரு மணி நேரம் நான் ரஷீத்தின் கடைக்காரன். இரண்டு கீல் விற்றேன். ஒருவருக்கு அரை இஞ்சுக்குப் பதில் முக்கால் இஞ்சு குழாய் எல்போவைக் கொடுத்து, அவர் திரும்ப வந்து திட்டிவிட்டுப் போனார். அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

செப்டம்பர் 21, சனி

நாலாவது மருந்து. சென்னைக்கு ரஷீத்தின் ஆம்னி வேனில் போனோம். ஜூனுக்குப் பிறகு பையனுக்கு ஒரு காய்ச்சல்கூட இல்லை. இரண்டரை கிலோ ஏறியிருக்கிறான். ஏறினதெல்லாம் வாயில்தான் என்கிறான் ரஷீத்.

காது குத்தலாமா என்று துர்கா கேட்டாள். டாக்டர் தீபிகா சொன்னார்: "இப்போ குத்தலாம். மருந்து ஏறின அடுத்த வாரம், புது ஊசி, சுத்தமான கை. முன்னாடியே ஏன் குத்தல?"

துர்கா என்னைக் காட்டினாள். "எங்கண்ணன் கோவிச்சுக்கினாரு டாக்டர்."

"நல்லதா போச்சு சார். மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குத்தியிருந்தா, அந்தச் சின்னக் காயமே இவனுக்கு ஆபத்தாயிருக்கலாம்."

வழியெல்லாம் ரஷீத் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "டேய், உன் கோவத்தால ஒரு ஜீவனுக்கு நல்லது நடந்திருக்குதுடா! வாழ்க்கையில மொத தபா! போர்டு எழுதி மாட்டு!"

நவம்பர் 24, ஞாயிறு

மாகறல் கோயிலில் காதுகுத்து.

பத்தருக்கு என் மேல் கோபம். புது ஊசியை உறையோடு கொடுத்து, ஸ்பிரிட்டால் கையைத் துடைக்கச் சொன்னேன். "முப்பது வருசமா குத்தறேன். எனக்கே கையக் கழுவ சொல்றாங்கப்பா," என்றார். இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று பார்த்தேன். என்னுடையதுதான்.

தாய்மாமன் சீராக துர்காவுக்கு அந்தக் குருட்டு அன்னப் புடவைகளில் ஒன்றைக் கொடுத்திருந்தேன். வேறு எடுக்கிறேன் என்றேன், கேட்கவில்லை, இதையே கட்டினாள். பையன் அழாமல் இருக்க லஞ்சமாக ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதுதான் வினை. பத்தர் தட்டை ஒழுங்குபடுத்துவதற்குள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் விரித்து, ஒவ்வொரு அன்னத்துக்கும் கறுப்பு ஸ்கெட்சால் கண் வைத்துவிட்டான்.

அங்கம்மாள்தான் முதலில் பார்த்தது. "அய்யய்யோ! பட்டுப் பொடவடா பாவி!"

எல்லாரும் ஓடிவந்தார்கள். துர்கா என்னைப் பார்த்தாள். பையனும் பார்த்தான். "கண்ணே இல்ல மாமா. எப்படி நடக்கும் அது?"

பிரேம்நாத் குனிந்து முந்தானையைக் கையில் எடுத்தான். "சார், நீங்க கிராஃப்ல வெச்ச எடத்துலயே கரெக்டா வெச்சிருக்குறான் சார்."

நான் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குருக்கள் சந்நிதியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு அவனை மடியில் வைத்துக்கொண்டேன். ஆறரை வயது, கனக்கிறான். கால் தரையைத் தொடுகிறது. இடது காதுக்கு ஒரு அலறல். வலது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தான். ரஷீத் வெளி மண்டபத்திலிருந்து, "வுடாத கடி! எனக்காகவும் ஒரு கடி!" என்று கத்தினான்.

விரல் இன்னும் வலிக்கிறது. பேனா பிடிக்கச் சிரமம். போதும்.

டிசம்பர் 1, ஞாயிறு

காது இரண்டும் நன்றாக ஆறிவிட்டது. சீழ் இல்லை, வீக்கம் இல்லை. துர்கா போட்டோ அனுப்பினாள். எனக்கே அனுப்பினாள், குழலி வழியாக இல்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

மூன்று நாள் மழைக்குப் பிறகு தென்னேரி நிரம்பிக் கலங்கல் பாய்கிறது என்று வெங்கடேசன் சொன்னான். நேற்றுத்தான் பையனுக்கு மருந்து ஏறியது. பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் அனுமதி. ரஷீத்தின் ஆம்னியில் போனோம்.

கரைக்கு வந்ததும் ரஷீத் இறங்கவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்க. வண்டிய இங்க தனியா வுட முடியாது," என்றான். அந்த வண்டியை யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

அர்ஜுனன் மழைக்கோட்டும் தொப்பியுமாக இறங்கி, நாலடி போய், திரும்பி வந்து ஜன்னலைத் தட்டினான்.

"ரஷீத் மாமா, பயமா?"

"எனக்கு இன்னாடா பயம்?"

"அப்ப வா. என்னத் தூக்கிக் காட்டு. மாமா ஒல்லி, அவரால முடியாது."

ரஷீத் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கினான். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அவன் கால்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்தபடி, மெதுவாகக் கரைமேல் ஏறினான். நான் பக்கத்திலேயே நடந்தேன். தண்ணீர் கல்லின் மேல் வெள்ளையாக வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.

இதைத்தான் அவன் குமரனுக்குக் காட்டியிருக்கிறான். நல்லதைத்தான் காட்டியிருக்கிறான்.

திரும்பி வரும்போது கேட்டேன்: "அன்னிக்குக் குமரன் இத்தப் பாத்து இன்னா சொன்னான்?"

"'அண்ணன் வரலியே, பாவம்'னு சொன்னான்."

2025 ஜனவரி 1, புதன்

புது டைரி. காலையில் காபியோடு உட்கார்ந்து, பழைய டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்து எடுத்து எழுத ஆரம்பித்தேன். கைடு பெயரை மட்டும் எழுதினேன். அந்த ஆளை விடமாட்டேன். மற்ற பெயர்களில் சிலவற்றுக்கு என்ன காரணம் என்றே நினைவில்லை. நினைவில்லாததை எப்படிப் பின்பற்றுவது?

குழலி எட்டிப் பார்த்தாள். "அவ்ளோதானா? பக்கம் வீணாப் போவுதே," என்றாள்.

வீணாக்கவில்லை. கீழே அர்ஜுனனின் மருந்து நாட்களை எழுதினேன். ஜனவரி 11, பிப்ரவரி 8, மார்ச் 8, ஏப்ரல் 5... எல்லாம் சனிக்கிழமை. அதற்கும் கீழே, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்கள்:

1. ரஷீத்
2. டாக்டர் தீபிகா
3. வெங்கடேசன்
4. பிரேம்நாத் (பைக் உண்டு)

முதல் பெயர் இந்த வருஷமும் மாறவில்லை.